புது வருஷத்துக்குப் புது ஃபிரேம்வொர்க் வேண்டாம், பழைய சைட்டைப் பாருங்கள்

டிசம்பர் கடைசி வாரத்தில் ஈரோட்டிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி கூப்பிட்டார். "தம்பி, நம்ம சைட்டத் திறந்தா சீட்டாட்ட விளம்பரமா வருது. ஏதாச்சும் வைரஸா?"

வைரஸ் இல்லை. சைட்டின் முகவரிப் பெயரான டொமைன் காலாவதியாகி, அதை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். சில வருடங்களுக்கு முன் சைட் செய்து கொடுத்த பையன் டொமைனைத் தன் சொந்த மெயில் ஐடியில் பதிந்திருக்கிறான். அப்புறம் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவன் இப்போது திறந்தே பார்க்காத அந்த ஐடிக்குப் போய்க் குவிந்திருக்கிறது. கடையின் மெயில் முகவரியும் அதே டொமைனில்தான். வெளியூர் ஆர்டர் வராததை சீசன் மந்தம் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். டாட் காம் டொமைன் காலாவதியான அன்றே கைவிட்டுப் போவதில்லை. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை சாதாரணமாகப் புதுப்பிக்கலாம். அதன்பின் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள். கடைசி 5 நாளில்தான் ஒன்றும் செய்ய முடியாது. அத்தனை நாளும் யாரும் கவனிக்கவில்லை. சொந்த சைட்டைத் திறந்து பார்க்கும் கடைக்காரரை நான் அதிகம் கண்டதில்லை.

வருடா வருடம் இதே போன், இதே கதை, ஊர் மட்டும் வேறு. அதே வாரத்தில் சைட் செய்து கொடுக்கும் நம் ஆட்களின் வாட்ஸப் குரூப்பில் என்ன ஓடுகிறது? "2026 இலக்குகள்: நெக்ஸ்ட் ஜேஎஸ் கரைச்சுக் குடிக்கணும், ரஸ்ட் தொட்டுப் பார்க்கணும், ஏஐ ஏஜென்ட் ஒண்ணு எழுதணும்." எல்லாம் புதுக் கருவி, புது மொழி. அதற்கு முப்பது பேர் கைதட்டல். ஒருவர்கூட "என் பழைய கிளையன்ட்களின் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கணும்" என்று எழுதவில்லை.

கற்றுக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. சைட் செய்ய உதவும் ஆயத்தக் கருவிகள் (ஃபிரேம்வொர்க், லைப்ரரி) வரிசையாக வந்துகொண்டேதான் இருக்கின்றன: ஜேக்வெரி 2006-ல் வந்தது, ஆங்குலர் ஜேஎஸ் 2010, ரியாக்ட் 2013, வியூ 2014. ஆங்குலர் ஜேஎஸ்ஸுக்கு ஆதரவு 2021 முடிவோடு நின்றும் போய்விட்டது. வேலை கேட்கும்போது இதையெல்லாம் எல்லாரும் கற்றுக்கொண்டுதான் ஆகிறோம். ஆனால் டெவலப்பருக்குப் புது ஃபிரேம்வொர்க் தெரியாததால் வியாபாரம் நின்றுபோன ஒரு கடையைக் காட்டுங்கள், பார்ப்போம். கடைகள் நிற்பது டொமைனால், அப்டேட் செய்யாத பிளகினால் (சைட்டில் சேர்க்கும் துணை மென்பொருள்), இல்லாத பேக்கப்பால்.

பேக்கப் என்றதும் எனக்கு ரத்தம் கொதிக்கும். "பேக்கப் இருக்கு சார், ஹோஸ்டிங்காரங்க டெய்லி எடுக்கிறாங்க." இதைச் சொல்லாத ஆள் இல்லை. சரி, அதை எப்போதாவது ரெஸ்டோர் செய்து, அதாவது அதிலிருந்து சைட்டைத் திரும்பக் கொண்டுவந்து, பார்த்தீர்களா? இல்லை. அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரு ஃபைல், அவ்வளவுதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை நம் தொழிலில் இருக்கும் எல்லாரும் ஒருமுறை படிக்க வேண்டும். பிரச்சினை ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த இன்ஜினியர், வேறு சர்வர் என்று நினைத்து மெயின் டேட்டாபேஸை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்புக்கு அவர்களிடம் ஒன்றுக்கு ஐந்து ஏற்பாடு இருந்தது. ஆபத்துக்கு ஒன்றும் உதவவில்லை. தினசரி எடுக்கும் டம்ப் (டேட்டாபேஸின் நகல்), டேட்டாபேஸ் வெர்ஷன் பொருந்தாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அதாவது தற்செயல். இத்தனை இன்ஜினியர்கள் இருக்கும் இடத்திலேயே இந்த நிலை என்றால், மாதம் சில நூறு ரூபாய் ஹோஸ்டிங்கில் இருக்கும் நம் கிளையன்ட் சைட்டுக்கு என்ன கதி?

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் சர்வர் வாடகைக்குத் தரும் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்துபோனது. சர்வரும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து போயின. ஹோஸ்டிங்காரர் அதே சர்வரில் எடுத்து வைப்பதைப் பேக்கப் என்று சொல்வதை இனியாவது நிறுத்துங்கள். மூன்று நகல், இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். இது பழைய விதிதான், பின்பற்றத்தான் ஆள் இல்லை.

இந்த ஜனவரியில் ஒரு சைட்டை எடுங்கள். பேக்கப்பை உங்கள் கம்ப்யூட்டரிலோ ஒரு காலி சப்டொமைனிலோ (டொமைனின் கிளை முகவரி) ரெஸ்டோர் செய்து பாருங்கள். பொருட்களின் படங்கள் இருக்கும் ஃபோல்டர் பேக்கப்பில் சேரவே இல்லை என்பது அப்போதுதான் தெரியும். தமிழில் இருந்த பக்கமெல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நிற்பதும் அப்போதுதான் தெரியும் (கேரக்டர் செட், அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறை, பொருந்தாததால் வருவது). எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். சைட் விழுந்த அன்று கிளையன்ட் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பல சைட்கள் ஓடும் புரோகிராமிங் மொழியான பிஹெச்பியின் 8.1 வெர்ஷனுக்குப் பாதுகாப்புத் திருத்தம் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 8.2-க்கு 2026 டிசம்பர் 31 கடைசி. உங்கள் சைட்களில் இன்னும் 7.4 ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு 2022 நவம்பரிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் (சைட்டின் இணைப்பைப் பாதுகாப்பது) முடியப்போகிறது என்று மெயில் வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், 2025 ஜூனிலேயே அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் சான்றிதழும் 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள்தான், 2029-ல் அது 47 நாளாகச் சுருங்கும். கையால் புதுப்பிக்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

புதிதாக ஏதாவது கற்றே தீருவேன் என்பவர்களுக்கு: உங்கள் சைட்டில், மவுஸ் பிடிக்க முடியாதவரைப் போல மவுஸைத் தொடாமல், டேப் கீயை மட்டும் வைத்து ஒரு ஆர்டர் போட்டு முடித்துப் பாருங்கள். முடியாது. அழகு என்று வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து போடுகிறீர்களே, சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 என்ற வண்ண வேறுபாடு வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல். டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் சொல்லிவிட்டது. இந்த வருடம் ஸ்கிரீன் ரீடர் (பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) கற்றுக்கொள்ளுங்கள், அது எந்த ஃபிரேம்வொர்க்கோடும் காலாவதி ஆகாது.

சொந்த இலக்கு என்று "ஜிம்முக்குப் போகணும்" என்று எழுதுகிறோம். தனியாக வேலை செய்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். உங்களுக்கு டெங்கு வந்து பத்து நாள் படுத்துவிட்டால், உங்களை நம்பியிருக்கும் சைட்களின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது? எல்லாம் உங்கள் தலைக்குள் என்றால் நீங்களும் பேக்கப் இல்லாத சர்வர்தான். பாஸ்வேர்ட் மேனேஜர் வையுங்கள். அவசரத்துக்குத் திறக்கும் வழியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கம்பெனி இன்சூரன்ஸ் வேலையை விட்ட அன்றே போய்விட்டது, சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருபது நொடி பாருங்கள் என்று கண் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லைவ் சர்வரில் கை வைக்காதீர்கள். இதுவும் உடல்நலக் குறிப்புதான். சனிக்கிழமை தூக்கம் எங்கே தொலைகிறது என்று நமக்குத் தெரியாதா?

இத்தனையும் இலவசமாகச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. சைட் செய்ய ஒரு தொகை, பராமரிப்புக்கு வருடத்துக்கு ஒரு தொகை என்று கொட்டேஷனிலேயே பிரித்து எழுதுங்கள். "சின்ன வேலைதானே தம்பி" என்பார்கள். அப்போது சிரித்துக்கொண்டே அந்த இரண்டாவது வரியைக் காட்டுங்கள். அதில் என்னென்ன அடங்கும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: மாதம் ஒரு அப்டேட், மூன்று மாதத்துக்கு ஒரு ரெஸ்டோர் சோதனை, டொமைன் தேதி.

இந்த மாதம் என் கிளையன்ட்கள் எல்லாருக்கும் ஒரு மெயில் அனுப்புகிறேன். நீங்களும் அனுப்புங்கள், தயவுசெய்து. டொமைன் கணக்கில் அவர்களே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பதிவாகியிருக்கும் பெயர், மெயில், போன் நம்பர் மூன்றும் முதலாளியுடையதா, ஓடிபி யார் போனுக்கு வருகிறது, பணம் எந்த கார்டில் போகிறது, அந்த கார்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா? மெயில் ஐடி அந்த டொமைனிலேயே இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். டொமைன் போனால் மெயிலும் போகும், மீட்பதற்கான கடிதம் வந்து சேர இடமே இருக்காது. உங்கள் பெயரில் இருப்பதை அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். அதற்கு மட்டும் காசு வாங்காதீர்கள்.