தன்பாலீர்ப்பு: சொல் விளக்கம்

தன் பாலினத்தவரையே நாடுபவரைக் குறிக்கும் 'ஓரினச்சேர்க்கையாளர்' வசைச்சொல் அன்று. சண்டையில் யாரும் அதை வீசி எறிவதில்லை. செய்தித்தாளில் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனாலேயே அதன் குறை நம் கண்ணில் படுவதில்லை.

இது 'ஹோமோசெக்சுவல்' என்பதன் பெயர்ப்பு. மூலச்சொல் கிரேக்கத் தலையும் இலத்தீன் உடலுமாக ஒட்டுப்போட்டது. 1869-இல் ஜெர்மன் மொழியில் அதை அச்சேற்றிய கார்ல் மரியா கெர்ட்பெனி, ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்த, அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் சட்டத்தை எதிர்த்து எழுதியவர். மருத்துவர்கள் பிற்பாடு அதையே நோயின் பெயராக்கினார்கள்.

தமிழில் வந்தபோது இரண்டு இடத்தில் இடறியது. ஒன்று 'இனம்': மனிதர் எல்லோரும் ஓரினம்தானே! இங்கே வேண்டியது 'பால்'. ஆண்பால், பெண்பால் என்று தொல்காப்பியம் வகுத்த அதே பால். இரண்டாவது இடறல்தான் பெரிது: 'சேர்க்கை'. ஒருவருடைய மனம் யாரை நாடுகிறது என்பதை விட்டுவிட்டு, படுக்கையறையை மட்டும் காட்டுகிறது இச்சொல். கணவன் மனைவியை 'ஈரினச்சேர்க்கையாளர்கள்' என்று எழுதிப் பாருங்கள், கூச்சம் புரியும்.

ஒருவரையொருவர் நேசித்த, மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள், பெற்றோர் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னை வந்து, காவல்துறையின் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றத்தை அணுகினார்கள். அவர்கள் கேட்டது நிம்மதியாக ஒரு வீட்டில் வாழ்வதற்கு. 'ஓரினச்சேர்க்கைப் பெண்கள்' என்று தலைப்பிட்டால் வாசகர் மனத்தில் அந்த வீடு எழாது, வேறொன்றுதான் எழும். 2021-இல் அவ்வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தம் முன்முடிவுகளைக் களைய உளவியல் ஆலோசகரிடம் தாமே அமர்ந்து பேசினார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022-இல் தமிழ்நாடு அரசு மதிப்பான சொற்களின் தொகுப்பை அரசிதழில் வெளியிட்டது.

இன்று பரவலாகப் புழங்குவது தன்பாலீர்ப்பு: தன் + பால் + ஈர்ப்பு. புவியீர்ப்பில் உள்ள அதே ஈர்ப்பு. யாரும் திட்டமிட்டுச் செய்வதன்று. 'தன்பால்' என்றால் 'தன்னிடம்' என்றும் பொருள்படுமே என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு 'ஒருபாலீர்ப்பு' இருக்கிறது. 'தற்பாற்சேர்க்கை' மட்டும் வேண்டாம். 'இனம்' என்பதைப் 'பால்' என்று திருத்திவிட்டுச் 'சேர்க்கை'யை அப்படியே வைத்திருக்கிறது.

நபரைக் குறிக்கத் தன்பாலீர்ப்பாளர். அதுவும் செய்திக்குத் தேவைப்படும்போது மட்டும். பணம் கையாடிய காசாளர் தன்பாலீர்ப்பாளராகவே இருந்தாலும், அந்தச் செய்தியில் 'காசாளர்' போதும்.