எரிபொருட் குழாய் வருமுன் கிணற்று நீரை அளந்து வையுங்கள்

சென்ற வாரம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தைச் சேர்ந்த ஒரு தாய், சோடாப் போத்தல் ஒன்றில் தமது கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். பக்கத்துக் காணியில் இருந்த மின்பிறப்பாக்கியின் டீசல் தாங்கி பல மாதங்களாக ஒழுகியிருக்கிறது. "மேலை மிதந்ததெல்லாத்தையும் வாளியாலை அள்ளி ஊத்திப்போட்டம். இப்ப தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்குது. குடிக்கலாம்தானே தம்பி?" என்று கேட்டார். அன்று மாலை நடந்த ஒரு கலந்துரையாடலில், கடலடியால் வரவுள்ளதாகச் சொல்லப்படும் எரிபொருட் குழாயைப் பற்றிப் பேசிய நன்கு படித்த ஒருவரும், கசிந்தாலும் எண்ணெய் மேலே மிதக்கும், அள்ளிவிடலாம் என்றார். அந்தத் தாயைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. இவரைக் கோபிக்காமல் இருக்க முடியவில்லை.

குழாயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023 யூலையில் இந்தியாவும் இலங்கையும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குப் பலவகை எரிபொருட்களைக் கொண்டுவரும் குழாய்த் திட்டம் இடம்பெற்றது. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து மூன்று நாடுகள் உடன்பட்டன. பெருந்தொகை எரிபொருளைத் தரைவழியே கொண்டுசெல்வதற்குக் குழாயை விட மலிவான வழி அரிது. பவுசர்கள் வீதியில் ஓடுவது குறைந்தால் விபத்தும் புகையும் குறையும். அமைக்கும் காலத்தில் பலருக்கு வேலை கிடைக்கும். ஆனால் அமைத்து முடித்த பின்னர் அதை இயக்கச் சிலரே போதும் என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். "குழாய் இருந்திருந்தால் 2022 இல் நாங்கள் வரிசையில் நின்றிருக்க மாட்டோம்" என்று அடிக்கடி கேட்கிறேன். அந்த ஆண்டில் எரிபொருட் கப்பல்கள் கொழும்புக்கு வெளியே வந்து நின்றன. இறக்குவதற்குக் கொடுக்க நாட்டிடம் டொலர் இருக்கவில்லை. காசு இல்லாதவருக்குக் குழாய் வழியாகவும் எண்ணெய் வராது.

இனி மிதக்கும் கதைக்கு வருகிறேன். பெற்றோலும் டீசலும் ஒற்றைப் பொருட்கள் அல்ல; பல நூறு சேர்வைகளின் கலவைகள். அவற்றுள் பெரும்பகுதி மிதக்கும் என்பது உண்மைதான். ஆனால் பென்சீன், ரொலுவீன் போன்றவை தண்ணீரில் கரையும். கரைந்தவற்றை வாளியால் அள்ள முடியாது. குடிநீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராம் பென்சீனுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதன் வாசனை தண்ணீரில் மூக்குக்குத் தெரிவதற்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் வேண்டும். அதாவது, மணக்கத் தொடங்கும்போது எல்லையை ஆயிரம் மடங்கு தாண்டியிருக்கும். "மணக்கேல்லை" என்பதை ஆதாரமாகக் கொண்டு எவரும் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. பென்சீன் 80 பாகையிலேயே கொதிக்கும் பொருள் என்பதால், தண்ணீரை விட்டு அது ஆவியாகிக் குசினிக் காற்றில் கலக்கும். அடுப்படியில் நிற்பவர் அதைச் சுவாசிப்பார். எல்லா எண்ணெயும் மிதக்கும் என்பதும் சரியல்ல. 2010 யூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குழாய் உடைந்து கலமசூ ஆற்றில் கனத்த எண்ணெய் கலந்தபோது, அதை இளக்கச் சேர்த்திருந்த இலேசான பகுதி ஆவியாகிவிட, மீதி ஆற்றின் அடியில் படிந்தது. அடிமண்ணைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. துப்புரவுச் செலவு 100 கோடி டொலரைத் தாண்டியது.

அந்த விபத்தில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. எச்சரிக்கை மணிகள் ஒலித்தும், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் உடைப்பென்று உணராமல் நடுவில் மறுபடியும் எண்ணெயைச் செலுத்தினார்கள். உடைப்பு உறுதியாக 17 மணி நேரம் சென்றது. பாயும் அளவில் 1 வீதத்துக்கும் குறைவான கசிவைக் கண்காணிப்புக் கருவிகள் தவறவிடுவது இந்தத் தொழிலில் தெரிந்த விடயம். ஒரு நாளில் 10 இலட்சம் லீற்றர் பாயும் குழாயில் 1 வீதம் என்பது 10,000 லீற்றர். நாங்கள் வீதியில் காணும் 6,600 லீற்றர்ப் பவுசரில் ஒன்றரைப் பவுசர். நாளாந்தம் அவ்வளவு மண்ணுக்குள் போனாலும் திரையில் எதுவும் தெரியாமல் இருக்கலாம்.

கடலோரக் குழாய்களும் உடைவதுண்டு. 2023 மார்ச்சில் எங்களுக்கு எதிர்க்கரையில், நாகூர்ப் பட்டினச்சேரியில், கச்சா எண்ணெய்க் குழாய் கரையோரத்தில் உடைந்தது. அங்குள்ள மீனவர்கள் குழாயைத் திருத்துமாறு கேட்கவில்லை. முற்றாக அகற்றுமாறு கேட்டார்கள். எங்கள் கிழக்குக் கரையில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்குவதற்கான நிலையம் 2024 முதல் இருக்கிறது. எண்ணெய் கலந்த நீர், உப்பைப் பிரிக்கும் அதன் மென்சவ்வுகளுக்குள் சென்றால் அவை பழுதாகும். அத்திட்டத்தை நம்பியிருக்கும் வீடுகளுக்கு அது கடற்செய்தியாக முடியாது, குடிநீர்ச் செய்தியாகும்.

குழாய் கடலுடன் நிற்கும் என்றோ, தரைக்கு வந்தால் குடாநாட்டுக்குள் வராது என்றோ எவரும் எழுதித் தரவில்லை. இங்கே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின்மேல் மெல்லிய படையாக நிற்பதைத்தான் நாங்கள் அள்ளிக் குடிக்கிறோம். அந்தக் கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. அந்தக் கல்லில் இயற்கையாகவே உண்டான புத்தூர் நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மணல் நிலத்தில் எண்ணெய் மெதுவாகப் பரவும். இங்கே எந்த வெடிப்பு வழியாக எந்த வளவுக்குள் போகும் என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

சுன்னாகத்தில் இதை அனுபவித்துவிட்டோம். அங்குள்ள மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கண்டு மக்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். நிபுணர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்டார்கள். 2019 இல்தான் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட கிணற்று உரிமையாளர்களுக்காக 2 கோடி ரூபா நட்டஈட்டுக்கு உத்தரவிட்டது. பழைய அளவீடு இல்லாத ஒரு கிணற்றுக்காகச் சாட்சி சொல்ல நிற்கும் எந்த இரசாயனவியலாளருக்கும் கை கட்டப்பட்டதுபோல்தான் இருக்கும். "இது முன்பே இருந்திருக்கலாம்" என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் இல்லை.

ஆகவே, குழாயோ எரிபொருட் களஞ்சியமோ உங்கள் ஊருக்கு வருகிறது என்று கேள்விப்பட்டவுடன், மண்வெட்டி விழுமுன் கிணற்று நீரைப் பரிசோதித்து, திகதியிட்ட அறிக்கையை உறுதிப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் கிரீசும் என்ற பரிசோதனை மட்டும் போதாது. அதைச் செய்யும் முறையிலேயே பென்சீன் ஆவியாகிப் போய்விடும். ஆவியாகும் சேர்வைகளுக்கான பரிசோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்த நாட்டுச் சட்டப்படி, தண்ணீர் தவிர்ந்த திரவத்தையோ வாயுவையோ 1 கிலோமீற்றருக்கு மேல் கொண்டுசெல்லும் குழாய், சுற்றாடல் அனுமதி பெறவேண்டிய திட்டங்களின் பட்டியலில் உள்ளது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும்போது, தயவுசெய்து பிரதேச செயலகத்துக்குப் போய் வாசியுங்கள். கசிவைக் கண்டறியும் மிகக் குறைந்த அளவு எவ்வளவு, அடைப்பு வால்வுகள் எத்தனை கிலோமீற்றருக்கு ஒன்று, நட்டஈட்டுப் பணம் முன்கூட்டியே எங்கே வைப்பிலிடப்படும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மறுமொழியையும் எழுத்தில் வாங்குங்கள்.

மாதிரியைத் தயவுசெய்து பிளாஸ்ரிக் போத்தலில் கொண்டுவராதீர்கள். ஆய்வுகூடம் தரும் கபில நிறக் கண்ணாடிக் குப்பியில், காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, மூடி, ஐசுப் பெட்டியில் வைத்து அன்றே தாருங்கள். அந்தத் தாயின் சோடாப் போத்தலை என்னால் பரிசோதிக்க முடியவில்லை. அவரிடம் இரண்டு குப்பிகளைக் கொடுத்து, முடிவு வரும்வரை அந்தக் கிணற்றில் குடிக்கவோ சமைக்கவோ குழந்தைகளைக் குளிப்பாட்டவோ வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை அவர் நான்கு குப்பிகளோடு வந்தார். மற்ற இரண்டும் அயல்வீட்டுக் கிணற்று நீர். வழியில் இன்னோர் ஆய்வுகூடத்தில் தாமே கேட்டு வாங்கிய குப்பிகளில் எடுத்தது.