கண்ணை மூடியதும் ஏன் இத்தனை நினைப்புகள்?

இலங்கையின் வடக்கே வன்னியில் உளவளத்துணைப் பணியில் இருக்கும் நான், தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, ஓயாத தலையிடி என்று வருபவர்கள் பலருக்கு, மருத்துவர் தரும் சிகிச்சையோடு சேர்த்து எளிய தியானப் பயிற்சி ஒன்றையும் சொல்லிக்கொடுப்பது வழக்கம். அடுத்த கிழமை திரும்பி வரும்போது அவர்களிற் பெரும்பாலோர் சொல்லும் வசனம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: "எனக்கு இது சரிவராது மிஸ், கண்ணை மூடினவுடன எல்லா யோசினையும் வந்து நிக்குது." லீசிங் கட்டவேண்டிய திகதி, காலபோக நெற்செய்கைக்கு இன்னும் வாங்காத பசளை, மகளின் சாதாரண தரப் பரீட்சை, வேலிக்காகப் பக்கத்துக் காணிக்காரருடன் ஏற்பட்ட வாக்குவாதம் என்று பகல் முழுவதும் வேலைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றவையெல்லாம், உடல் அசையாமல் இருந்தவுடன் முன்னுக்கு வந்துவிடுகின்றன. தமக்கு மட்டுமே இப்படி நடக்கிறது என்றும் தம் மனம் பழுதாகிவிட்டது என்றும் நினைத்து மூன்றாம் நாளே பயிற்சியைக் கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நினைப்புகள் வருவது மூளையின் இயல்பான தொழில். நாம் ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் ஓய்வதற்குப் பதிலாகக் கூடுதலாக இயங்குகின்றன என்பதை அமெரிக்க நரம்பியலாளர் மார்க்கஸ் ரைக்கலும் அவருடைய குழுவினரும் 2001ஆம் ஆண்டில் விளக்கினார்கள். நடந்ததை மீட்டுப் பார்ப்பதும் நாளை நடக்கவிருப்பதைக் கணக்கிடுவதும் நம்மைப் பற்றி நாமே எண்ணிக்கொள்வதும் அந்தப் பகுதிகளோடு தொடர்புடையவை. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கைத்தொலைபேசி வழியாக 2,250 பேரிடம் வெவ்வேறு நேரங்களில் "இப்போது உங்கள் மனம் எங்கே இருக்கிறது" என்று கேட்டபோது, ஏறத்தாழ 47 வீதமான தடவைகள் அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையை விட்டு வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. தியானத்தில் இருக்கும்போதுதான் நாம் இதை முதன்முதலாகக் கவனிக்கிறோம். நினைப்புகள் அதற்கு முன்பும் இருந்தவையே.

ஆகவே, நினைப்பை நிறுத்தப் பாடுபடவேண்டாம் என்பதே நான் முதலிற் சொல்வது. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கவேண்டாம் என்று சிலரிடம் கூறி, அது நினைவுக்கு வரும் ஒவ்வொரு முறையும் மணியடிக்கச் செய்தார். அவர்களால் அதைத் தவிர்க்க முடியவில்லை. பின்னர் நினைக்கலாம் என்று விட்டபோதோ, தொடக்கத்திலேயே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிடக் கூடுதலாக நினைத்தார்கள். அடக்க முயன்றால் நினைப்பு பெருகும் என்பதை இங்கு அனுபவத்தால் அறிந்தவர்கள் ஏராளம்.

இதை ஒட்டுசுட்டான் பக்கத்தைச் சேர்ந்த பட்டி மாடு வளர்க்கும் ஐயா ஒருவர் என்னைவிட நன்றாகச் சொன்னார். "மாடு வயலுக்க இறங்கிறது அதின்ர குணம், பிள்ளை. திருப்பிக்கொண்டு வாறதுக்கு ஆள் நிக்கோணும், அவ்வளவுதான்." மனம் போய்விட்டது என்று தெரிந்த கணமும், கோபப்படாமல் அதைத் திருப்பிக் கொண்டுவரும் செயலுமே பயிற்சி. பத்து முறை போய்ப் பத்து முறை திரும்பினால், பத்து முறை பயிற்சி செய்ததாகவே கொள்ளவேண்டும்.

தொடங்குபவர்களுக்கு நான் மூன்று நிமிடங்களுக்கு மேல் சொல்வதில்லை. அரை மணித்தியாலம் இருக்கும்படி தொடக்கத்திலேயே சொல்லுவது, என் கருத்தில், நன்மையைவிடச் சோர்வையே தருகிறது. தியானத்தில் இருக்குமுன், மறந்துவிடுவோமோ என்று அஞ்சும் வேலைகளை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால், மனம் அவற்றை மீண்டும் மீண்டும் நினைவூட்டுவது குறையும். பின்னர் மூச்சு வெளியே போவதைக் கவனித்து, நினைப்பு வந்தால் "கணக்கு", "பயம்", "திட்டம்" என்று மனதுக்குள் ஒரு சொல்லாற் பெயரிட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்பலாம். ஐந்தெழுத்தை உச்சரித்துப் பழகியவர்களும் மடு மாதாவை வேண்டிச் செபமாலை சொல்லுபவர்களும் மூச்சுக்குப் பதிலாக அதையே பிடித்துக்கொள்ளலாம். நாவுக்குப் பழகிய சொல்லுக்கு மனம் விரைவாகத் திரும்புகிறது.

வன்னியில் இதற்கு மேலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இறுதிப் போர் நடந்த 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களைப் பதுங்கு குழிகளிற் கழித்தவர்களுக்குக் கண்ணை மூடும்போது வருவது எப்போதும் வெறும் நினைப்பாக இருப்பதில்லை. ஷெல் சத்தமும் மணமும் உடல் நடுக்கமுமாக, அந்த நேரத்துக்கே திரும்பிப் போய்விட்டதைப் போன்ற நிலை வந்தால், "கவனித்துக்கொண்டு அப்படியே இருங்கள்" என்று சொல்லுவது தவறு. உடனே கண்ணைத் திறந்து, பாதங்களை நிலத்தில் அழுத்தி, சுற்றியிருக்கும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லி, எழுந்து நடக்கவேண்டும். இவர்கள் கண்ணைப் பாதி திறந்தபடி, சுவரோடு முதுகு சாய்த்து, வாசல் தெரியக்கூடிய இடத்தில் இருப்பது நல்லது. சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே மூச்சுத்திணறலை நினைவூட்டுவதால், பூவரசில் இருக்கும் குருவிச் சத்தத்தையோ கையில் வைத்திருக்கும் கல்லின் குளிர்ச்சியையோ பற்றிக்கொள்ளச் சொல்வேன். மீண்டும் மீண்டும் இப்படி வந்தால் தனியே பயிற்சியைத் தொடராமல், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகவேண்டும். தேசிய உளநல உதவி இலக்கமான 1926க்கும் அழைக்கலாம்.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் ஒருவர், "யோசினையை விடச் சொன்னா, பிள்ளையை விடச் சொல்லுறியளோ?" என்று என்னிடம் கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. மகனின் நினைவு அவருக்கு இடையூறு அல்ல. அது அவருடைய அன்பின் இருப்பிடம். இப்போது அவர் விளக்கேற்றியபின் முதலிற் சிறிது நேரம் மகனை நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, அதன் பிறகே மூச்சைக் கவனிக்கத் தொடங்குகிறார். இடையில் மகன் வந்தால் "வந்திட்டியா ராசா" என்று சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புவதாகவும், அழுகை வரும் நாட்களில் அழுதுவிட்டு எழும்பிவிடுவதாகவும் சொன்னார். நான் அதில் எதையும் மாற்றச் சொல்லவில்லை.

திரும்பி வருபவர்களிடம் நினைப்புக் குறைந்ததா என்று நான் இப்போது கேட்பதில்லை. எத்தனை முறை திரும்பினீர்கள் என்றே கேட்கிறேன். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி போன கிழமை விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னாள்: "ஒன்பது தரம் மிஸ். பத்தாவது தரம் போகேக்க அம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிட்டா."