டாக்டர் ஓட்டின வண்டி என்றால் எஞ்சின் நன்றாக இருக்குமா?

"டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர். பத்து வருஷத்துல நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கு." பழைய கார் வாங்கப் போகிற எவர் காதிலும் இது விழாமல் இருக்காது. கேட்டதுமே பாதி மனசு அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிடும். வாங்குபவருக்காக வண்டியைப் பார்த்துச் சொல்வது என் தொழில். இந்த மாதிரி வண்டி என்றால்தான் நான் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வருஷத்தில் 40,000 கிலோமீட்டர் என்றால் நாளுக்கு 11 கிலோமீட்டர். வீட்டிலிருந்து கிளினிக், திரும்ப வீடு. நம் ஊர் வெயிலில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சீக்கிரம் சூடாகிவிடும், ஆயிலுக்கு இன்னும் நேரம் வேண்டும். அது முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வண்டி ஷெட்டுக்குப் போய்விடும். உள்ளே சேர்ந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கும். பெரும்பாலான கார்களின் கையேட்டில் ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருக்கும். பலர் கிலோமீட்டரை மட்டும்தான் பார்க்கிறார்கள். பத்து முறை மாறியிருக்க வேண்டிய ஆயில் நான்கு முறைதான் மாறியிருக்கும். இதே வயசில், பெரும்பாலும் ஹைவேயில் ஓடி, 1,20,000 கிலோமீட்டர் காட்டி, சர்வீஸ் பில்லெல்லாம் கையோடு வைத்திருக்கிற வண்டி வந்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

மாடல் பெயரை மட்டும் நம்புவதும் இதே போலத்தான். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புண்டோ என்று பல கார்களில் ஓடியது ஒரே ஃபியட் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின். நல்ல எஞ்சின், சந்தேகமே இல்லை. ஆனால் அதே எஞ்சின் ஒரு வண்டியில் 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் பிரிக்காமல் ஓடும், இன்னொன்றில் ஒரு லட்சத்திலேயே டர்போ போய் நிற்கும். ஆயிலும் சூடும் எப்படிக் கவனிக்கப்பட்டன என்பதுதான் வித்தியாசம். அதனால் நான் முதலில் தேடுவது அந்த இரண்டின் தடயங்களை.

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போங்கள். நீங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கு எஞ்சினைப் பார்த்துப் பயனில்லை, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம். வால்வ் சீல், டைமிங் செயின் இவற்றின் குறைகள் குளிர்ந்த எஞ்சினின் முதல் சில விநாடிகளில்தான் நன்றாகத் தெரியும். ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை வந்து பிறகு நின்றுபோனால் வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். சைலன்சரிலிருந்து காலையில் தண்ணீர் சொட்டுவது சாதாரணம், அதற்குப் பயப்படாதீர்கள். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்கவில்லை, அதில் ஒரு இனிப்பு வாடையும் இருக்கிறது என்றால் கூலன்ட் எரிகிறது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கடைந்த வெண்ணெய் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. சின்னத் தூரம் மட்டுமே ஓடிய வண்டியில் வெறும் ஈரத்தாலும் இது வரும். அதனால் உடனே, ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போச்சு என்று முடிவுகட்டாமல் ரேடியேட்டரையும் திறந்து, கூலன்ட்டில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் பளபளவென்று புதிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், விற்பதற்கு முந்தின வாரம் மாற்றியிருப்பார்கள். சத்தத்தை அமுக்குவதற்காகவே கெட்டியான ஆயிலை ஊற்றி விற்பதும் நடக்கிறது.

நம் பக்கத்து வண்டிகளில் நான் அதிகம் பார்க்கும் கொலைகாரன் போர் தண்ணீர்தான். கூலன்ட் குறைந்தால் குழாயடியில் பாட்டிலைப் பிடித்து ஊற்றிவிடுகிறோம். உப்புத் தண்ணீர் ரேடியேட்டரில் படிந்து, அலுமினிய ஹெட்டை அரித்து, வண்டி சூடாக ஆரம்பிக்கும். அப்புறம் யாராவது, சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரேடியேட்டர் ஃபேனுக்கு 'டைரக்ட்' ஒயர் கொடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுப்பார்கள். வண்டி பார்க்கும்போது அங்கே கை விட்டுத் தடவுங்கள். கம்பெனி வைக்காத சுவிட்ச் ஒன்று ஃபேனுக்கென்று இருந்தால், அந்த எஞ்சின் ஒருமுறையாவது கொதித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கூலன்ட் துருப்பிடித்த நிறத்தில் இருந்தாலும் கதை அதேதான்.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனிக் கதை. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏலத்துக்குப் போய், கழுவித் துடைத்து வெளியூர்களில் விற்பனைக்கு வந்தன. 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு பெட்ரோல் செடான் என்னிடம் வந்தது. சத்தம் இல்லை, புகை இல்லை, ஓட்டினால் சுகமாக இருந்தது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம் பார்த்தபோது நான்கில் மூன்று சிலிண்டர்கள் 170 பிஎஸ்ஐ அளவில் நின்றன, மூன்றாவது சிலிண்டர் மட்டும் 135. அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் அழுத்தம் நன்றாக ஏறும், இதில் ஏறவில்லை. காற்று ஏற்றிப் பார்த்ததில் வால்விலும் கசிவு இல்லை. கடைசியில் பிளக் ஓட்டை வழியே மெல்லிய கம்பியை விட்டு அளந்தால், அந்தப் பிஸ்டன் மற்றவை வரும் உயரத்துக்கு வரவில்லை. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்திருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் இழுத்தால் இப்படித்தான் ஆகும், தண்ணீரை அமுக்க முடியாது, ராட்தான் வளையும். வளைந்த ராடோடு வண்டி மாதக்கணக்கில் ஓடலாம், ஒருநாள் ஹைவேயில் அந்த ராட் எஞ்சின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரலாம். பிறகு பின்சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தோம். கடைசி அரை முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது.

இந்தப் பெல்ட் சோதனைக்குக் காசு வேண்டாம், யார் வேண்டுமானாலும் செய்யலாம். கூடவே சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்ப்ரஷன் டெஸ்டை ஒரு மெக்கானிக்தான் செய்ய வேண்டும். தனி எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போடும்போது, கோளாறு எதுவும் இல்லை என்று வந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். கோளாறுக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதையும் பல வண்டிகளில் எடுத்துப் பார்க்கலாம். அது 5, 10 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால்தான் துடைத்திருக்கிறார்கள். மீட்டரைக் குறைத்த சந்தேகம் வந்தால் பிரேக் பெடல் ரப்பர் அதிகம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், உரிமையாளர் சம்மதத்தோடு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ரெக்கார்டைக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. 2018 மாடல், 25,000தான் ஓடியது என்கிறார்கள், நான்கு டயரும் 2022இல் தயாரானவை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும்.

டீசல் வண்டி என்றால் இன்னும் இரண்டு விஷயம். பழைய 2.5 லிட்டர் இன்னோவாவிலும் 1.5 டீசல் டஸ்டரிலும் இருப்பது டைமிங் பெல்ட். அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சின் வேலை பெரிய செலவில் போய் முடியும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல்களில் கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. ஊருக்குள்ளேயே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அந்தக் கரியை எரிக்கும் சுத்திகரிப்பு அடிக்கடி பாதியில் நின்றுபோனால் டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். தினமும் பத்து கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு டீசலே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

எல்லாம் சரியாக இருந்து வாங்கியாகிவிட்டது என்றால், முதல் வாரத்திலேயே ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் நான்கையும் மாற்றிவிடுங்கள், பழைய ஓனர் நேற்றுதான் மாற்றினேன் என்றாலும் சரி. பிறகு ஒரு மாதத்துக்கு, வாரம் ஒருமுறை காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் டப்பாவின் மட்டத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே போனால், கூலன்ட் எங்கே கசிகிறது என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட்டை உடனே செய்யச் சொல்லுங்கள்.