உறங்கும் அருகுக்குப் பச்சைப் பூச்சு

ஜனவரி விடியலில் மூணாறு, செண்டுவாரைப் பக்கம் உறைபனி விழுந்தால் புல்தரை வெள்ளை வேட்டி விரித்ததுபோல் கிடக்கும். வெயில் ஏறியதும் வெள்ளை கரைந்துவிடும். சில நாளில் தரை வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். "பனி கருக்கிருச்சு, புல்லு செத்துப்போச்சு" என்பார்கள் எஸ்டேட் லயத்தில். தேயிலைக் கொழுந்து கருகினால் கருகியதுதான். அருகம்புல் அப்படியில்லை. மண்ணைக் கிளறி, அடியில் ஓடும் தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாய், ஈரமாய் இருக்கும். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி' என்று மணமக்களை வாழ்த்துவது இந்தத் தண்டை நம்பித்தான்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல கோல்ஃப் மைதானங்களில் வளர்வதும் அருகின் கலப்பினமே. அங்கே அதற்குப் பெயர் பெர்முடா புல். மண்ணின் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் உறங்கிவிடும். குளிரிலும் இலை வெளிச்சத்தை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதை உணவாக்கும் நொதிகள் மந்தமாகிவிடுகின்றன. செலவாகாமல் தேங்கும் ஆற்றல் பச்சையத்தையே சிதைக்கிறது.

குளிர்காலத்திலும் மைதானம் பச்சையாகத் தெரிய, உறங்கும் அருகின்மேல் குளிர்தாங்கும் ரை புல்லை விதைப்பது பழைய வழக்கம். ஆனால் வசந்தம் வந்தாலும் ரை இடத்தை விடாது. அருகு விழிக்கத் திணறும். அதனால் பலர் உறங்கும் புல்லுக்கே பச்சைப் பெயின்ட் அடிக்கும் வழிக்கு மாறினார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இதன் நிறமிதான். 1928இல் ஸ்காட்லாந்துச் சாய ஆலை ஒன்றில், எனாமல் விரிசல்விட்ட பாத்திரத்தின் இரும்பு கலந்து எதிர்பாராமல் ஒரு நீலப்பொருள் வந்தது. அது தாலோசயனின் குடும்பம். இரும்புக்குப் பதில் தாமிரம் வைத்து, குளோரின் ஏற்றினால் பச்சை. பச்சையத்தின் நடுவே ஒரு மக்னீசியம் அணு, அதைப் பிடித்தபடி நான்கு நைட்ரஜன். இந்த நிறமியிலும் அதே நான்கு நைட்ரஜன், நடுவே தாமிரம். உருவத்தில் பங்காளிகள்! ஆனால் இது வெயிலுக்கு அசையாது, உணவும் சமைக்காது.

நிறமியை இலையில் ஒட்டவைப்பது சுவர் எமல்ஷனில் உள்ளது போன்ற அக்ரிலிக் பிசின். இலையில் கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கும்போதே அடித்தால் பழுப்பு அடியிலிருந்து எட்டிப் பார்க்காது. புல் காய்ந்திருக்க வேண்டும், பனித்துளி இறங்குமுன் பூச்சும் காய்ந்துவிட வேண்டும். கிழக்கு மேற்காக ஒருமுறை, வடக்கு தெற்காக மறுமுறை தெளிப்பார்கள். இல்லாவிட்டால் சாய்ந்த இலையின் மறுபக்கம் வெளுத்தே நிற்கும்.

அடர்நிறம் வெயிலைக் கூடுதலாக வாங்குவதால் தரை கொஞ்சம் சூடேறும், அருகும் சற்று முன்னதாகவே விழிக்கும். தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கொண்டு கணுவிலிருந்து புதுத்துளிர் கிளம்பும். பெயின்ட் பூசிய பழைய இலை வெட்டும் இயந்திரத்தோடு போய்விடும்.