நற்பயிரிடல், நற்சேகரிப்பு நடைமுறைகள்: சொல் விளக்கம்

மூலிகைத் துறையில் ஜி.ஏ.சி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் 'குட் அக்ரிகல்ச்சரல் அண்ட் கலெக்ஷன் பிராக்டிசஸ்' என்னும் ஆங்கிலத் தொடர், உலக சுகாதார நிறுவனம் 2003-இல் மருந்துத் தாவரங்களுக்கென வெளியிட்ட வழிகாட்டு நெறிகளால் பரவலானது. மருந்து ஆலைகளுக்குரிய நல்லுற்பத்தி நடைமுறைகளைக் குறிக்கும் ஜி.எம்.பி. முன்பே வழக்கில் இருந்தது. அதே அச்சில் வார்த்த இத்தொடர், தரத்தைப் பற்றிய அக்கறையை ஆலை வாசலிலிருந்து வயலுக்கும் காட்டுக்கும் கொண்டு சென்றது.

இதன் 'ஏ' எழுத்துக்குரிய அக்ரிகல்ச்சர், வயலைக் குறிக்கும் இலத்தீன் 'அகெர்' என்பதிலிருந்து வந்தது. தமிழில் 'வேளாண்' என்பது பழகிவிட்டது. 'விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு' என்னும் குறளில் அச்சொல் உதவி செய்தலைக் குறிப்பதால், செயலை நேரே சுட்டும் 'பயிரிடல்' எனக்குக் கூடுதல் பொருத்தமாகப் படுகிறது.

சிக்கல் 'சி'யில்தான். ஒன்றுசேர்த்தலைக் குறிக்கும் இலத்தீன் 'கொல்லிகெரே' வழிவந்த 'கலெக்ஷன்' என்பதைச் சிலர் 'அறுவடை' என்று பெயர்க்கிறார்கள். அறுவடை, விதைத்தவர் அறுப்பது. இங்கே பேசப்படுவதோ காட்டில் தானாக வளர்ந்ததை எடுப்பது. அப்படி எடுப்பவர் செடியின் இனத்தை உறுதிசெய்ய வேண்டும், அனுமதி பெற வேண்டும், மீண்டும் தழைக்கப் போதிய அளவு விட்டுவைக்கவும் வேண்டும். பட்டையை மரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால், இலைகள் ஆக்கிய உணவு வேருக்கு இறங்கும் வழி அறுபட்டு மரமே பட்டுப்போகும் என்பதால், பட்டையை எடுக்கும் முறையும் இதில் அடங்கும். ஆகவே 'சேகரிப்பு' என்பதே சரி.

இனத்தை உறுதிசெய்வது வெறும் சடங்கன்று. 1997-இல் அமெரிக்காவில் பிளான்டாகோ என்ற மூலிகையின் பெயரில் விற்ற சரக்கில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் டிஜிடாலிஸ் லனாட்டா இலை கலந்திருந்தது. உட்கொண்டவர்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அம்மூலிகையின் ஆங்கிலப் பெயரான 'பிளான்டைன்' வாழைக்கும் வழங்குவதால், தமிழாக்குபவர் அதை வாழையாக்கிவிடவும் கூடும். தாவரவியல் பெயரை ஆவணத்தில் எழுதச் சொல்வது இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

'பிராக்டிஸ்' என்பதைத் 'தரநிலை' என்றும் எழுதுகிறார்கள். விளைபொருளைச் சோதித்து ஒப்பிடும் அளவுகோல் தரநிலை. விதைத் தேர்வு முதல் உலர்த்தல், மூட்டையில் அடையாளச் சீட்டு ஒட்டுதல் வரை அன்றாடம் செய்வது நடைமுறை. 'மற்றும்' இன்றி 'நற்பயிரிடல், நற்சேகரிப்பு நடைமுறைகள்' என்றெழுதினால், 'நல்ல' என்னும் அடை இரண்டுக்கும் உரியது என்பதும் ஐயமின்றி விளங்கும்.