பொது மரத்தில் கம்பளிப்பூச்சி: மனு எங்கே கொடுப்பது?

ஐப்பசி மழை விழுந்து மரம் தளிர்த்ததும் கம்பளிப்பூச்சியும் வந்துவிடும். நெல்லை மாவட்டத்தில் நாங்குநேரி, அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளிக்கூட வாசல் மரத்தில் பூச்சி அப்பிக் கிடந்தால், "பேசாம மரத்த வெட்டிருவோமா?" என்றுதான் முதல் பேச்சு எழும். அப்படி வெட்டிவிட முடியாது. பொது இடத்து மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். தேவையும் இல்லை; இலை மொட்டையானாலும் திடமான மரம் பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும்.

இதற்கென்று தனித்திட்டம் தேடி அலைய வேண்டாம். மரம் யார் இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள், மனு அங்கேதான் போக வேண்டும். ஊர்த் தெரு என்றால் ஊராட்சி. பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. கோயில் நந்தவனம் அறநிலையத் துறை. குளத்தங்கரையில்தான் குழப்பம்: 100 ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள குளம் நீர்வளத் துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. இடம் யாருடையது என்று தெரியவில்லையா? கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். மனுவோடு படம் ஒன்று வையுங்கள். அசைவில்லை என்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது, முதல்வர் உதவி மைய எண் 1100-க்கும் பேசலாம். நவம்பர் 1 கிராம சபை சரியாகப் பூச்சிக் காலத்தில் வருகிறது. அதில் தீர்மானமாகப் போட்டுவிட்டால் ஊராட்சி தட்டிக்கழிப்பது சிரமம்.

அங்கன்வாடி முருங்கையில் பகலில் உற்றுப் பாருங்கள்: பழுப்புப் பூச்சிகள் தூரில் ஒன்றோடொன்று நெருக்கி, பட்டையோடு பட்டையாகக் கிடக்கும். அடிக்க அதுதான் தோதான நேரம். மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்துத் தூரிலேயே பீய்ச்சலாம். உயர்ந்த மரம் என்றால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல்: 5 கிலோ பருப்பை இடித்து இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கலந்து 100 லிட்டராக்க வேண்டும். சத்துணவுக்குக் கீரை பறிக்கிற மரத்தில் கடை விஷ மருந்தை அடிக்க விடாதீர்கள். தீப்பந்தம் பிடிப்பது பழைய வழக்கம்தான். கூரைக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளத்தில் மட்டும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே ஊர் மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டுகிறது. காட்டுப்பறவையின் கூட்டையோ முட்டையையோ சிதைப்பது 1972 வனஉயிரினச் சட்டப்படி வேட்டையாடியதாகவே கணக்கு. கிளையில் கை வைக்குமுன் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.